கேஸ் கட்டைப் பிரிக்கும் முன் கடனைக் கேட்பேன்

திண்டுக்கல் கோர்ட்டில் விபத்து நஷ்ட ஈட்டு மனுவை எம்.சி.ஓ.பி. என்போம். கடனை அடைக்க வழியில்லை, என்னை நொடித்துப் போனவனென்று அறிவியுங்கள் என்று கேட்டுப் போடும் மனு ஐ.பி. இரண்டுக்கும் சட்டம் வேறு, நம்பர் வேறு, வாய்தா வேறு. வக்கீல்களிலும் விபத்துக் கேஸ் பார்ப்பவர், சிவில் கேஸ் பார்ப்பவர் என்று பிரிவு உண்டு. ஆனால் குஜிலியம்பாறையிலிருந்தும் சிலுவத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. முதலில் லாரி மோதுகிறது. ஆஸ்பத்திரி பில்லுக்காக வட்டிக்கு வாங்குகிறார்கள். நஷ்ட ஈடு வரும் நாளில் வட்டி அதைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. அதனால் விபத்துக் கேஸ் என்று யார் வந்தாலும் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்பதற்கு முன் கடனைக் கேட்பது என் வழக்கம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஒருவர் மொபெட்டில் வீடு திரும்பும்போது வேன் மோதி, சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். வயது 28. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். அந்தப் பெண் தன் அண்ணனோடு வந்திருந்தார்.

“எவ்வளவு கடன் இருக்கும்மா?”

“அது எதுக்குங்கய்யா இப்ப? கேஸு முடிஞ்சா அடைச்சிருவோம்.”

“யார்கிட்ட வாங்கினீங்க, எதுல கையெழுத்துப் போட்டீங்க, அதைச் சொல்லுங்க.”

“ரெண்டு பேருகிட்டங்கய்யா. புரோநோட்டு ரெண்டு, செக்கு ரெண்டு. எல்லாம் வெறுந்தாளுதான். அவுகளை ஐ.சி.யூ.வுல படுக்க வச்சிட்டு எதைப் படிச்சுப் பாக்கச் சொல்றீக?”

இதற்குப் பிறகுதான் எஃப்.ஐ.ஆரைக் கையில் வாங்கினேன். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது வாங்கிய கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து மட்டுமே பொறுப்பு. அவரை நம்பியிருந்தவர்களுக்கு வருமான இழப்புக்காகக் கிடைக்கும் நஷ்ட ஈடு அந்தச் சொத்தில் சேராது. அது மனைவியின் பணம், பிள்ளைகளின் பணம். இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர் அதைத் தொட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் மனைவி தன் பெயரில் போட்ட கையெழுத்து மனைவியின் கடன். அதற்கு அவருடைய பங்கு மாட்டிக்கொள்ளும். கையெழுத்திட்ட வெற்றுத் தாளை நிரப்பிக்கொள்ளும் அதிகாரம், அதை வைத்திருப்பவருக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலேயே இருக்கிறது. தானாக விரும்பிக் கையெழுத்திட்ட வெற்று செக்கானாலும் கடன் இருக்கிறதென்றே முதலில் அனுமானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லிவிட்டது. இல்லையென்று காட்டுவது கையெழுத்துப் போட்டவர் பாடு. ஆகவே ஒரு குடும்பம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்துவிட்டால் கேஸில் பாதி வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்வேன்.

வராண்டாவில் வட்டிக்காரர் வந்து நிற்காமல் தடுக்க இப்போது வழி இருக்கிறது, அதை ஊர்ஊராகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். எந்த ஊர்க்காரர், என்ன கார்டு என்று பார்ப்பதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இரவில் வேடசந்தூர் நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது அடிபட்ட எத்தனையோ பேருக்கு வண்டி நம்பர் தெரியாது. நம்பர் இல்லை, கேஸ் இல்லை என்று அந்தக் குடும்பங்களில் பல காலமாகச் சும்மா இருந்துவிட்டார்கள்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் கேஸுக்கு வருகிறேன். ஒரு மனித உயிருக்குக் கணக்குப் போடுவது கொடுமைதான். ஆனால் அந்தக் கணக்குத் தெரியாத குடும்பம் அடிமாட்டு விலைக்குச் சம்மதித்துவிடும். 2009ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண்ணை வகுத்தது. 26லிருந்து 30 வயது வரை 17. நம்பியிருப்பவர் நாலிலிருந்து ஆறு பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவாகக் கால்பங்கைக் கழிப்பார்கள். 2017ல் பிரணய் சேத்தி வழக்கில், நாற்பது வயதுக்குட்பட்ட, நிரந்தரச் சம்பளமில்லாத தொழில் செய்பவருக்கும் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றார்கள்.

இதை இந்த லோடுமேனுக்குப் போட்டுப் பாருங்கள். ஆதாரம் ஒன்றும் இல்லையென்று மாதம் 8,000 மட்டும் எடுத்துக்கொண்டால்: 40 சதவீதம் கூட்டி 11,200. கால்பங்கு கழித்தால் 8,400. வருஷத்துக்கு 1,00,800. பதினேழால் பெருக்கினால் 17,13,600. அதே மனிதர் மாதம் 15,000 சம்பாதித்தார் என்று காட்ட முடிந்தால் 21,000, 15,750, 1,89,000 என்று போய் 32,13,000ல் நிற்கும். ஏறத்தாழ 15 லட்சம் வித்தியாசம். அந்த 15 லட்சம் இருந்தது மண்டிக் கணக்குப்பிள்ளையின் நீள நோட்டில். தினம் எத்தனை மூட்டை இறக்கினார், என்ன கூலி வாங்கினார் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார் அந்த மனிதர். கோர்ட்டுக்கு வர முதலில் தயங்கினார். வந்து கூண்டில் ஏறி, நோட்டைக் காட்டி, இன்சூரன்ஸ் வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு நின்று பதில் சொன்னார். தாளே இல்லாத தொழிலாளிக்கும் நியாயமான வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு 2014ன் சையது சாதிக் தீர்ப்பு இருக்கிறது. அதில் காலை இழந்தவர் ஒரு காய்கறி வியாபாரி. மாதம் 6,500 என்று அவருக்கு நிர்ணயித்தார்கள். இருந்தாலும் சாட்சி இருக்கும்போது சாட்சியைக் கொண்டுவருவதே முறை. வீட்டு வேலை மட்டும் பார்த்த பெண் இறந்தால் வருமானம் சூன்யம் என்று வாதாடுவதைக் கேட்டு நான் கொதித்திருக்கிறேன். 2021ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும், எதிர்கால வளர்ச்சியும் சேர்க்க வேண்டும்.

தாமதம் பற்றி ஒன்று. 1994 நவம்பரில் காலக்கெடுவை எடுத்த பிறகு, எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று மக்களுக்குப் பழகிப்போயிருந்தது. 2022 ஏப்ரல் 1லிருந்து ஆறு மாதம் என்ற கெடு திரும்பி வந்துவிட்டது. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வாருங்கள் என்பேன். விபத்து கோயம்புத்தூரில் நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

சாலையை விட்டுப் பட்டறைக்குள் வந்தால் கதை வேறு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை அரத்தால் ராவி லீவர் பொருத்துபவரின் விரல் பிரஸ் மெஷினில் போனால் அவருக்கு என்ன கிடைக்கும்? 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரல் 12 என்று இருந்தது. அட்டவணைச் சதவீதத்தைக் காட்டியே பேசி முடிக்கப் பார்ப்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு விரலையும் இழந்தவர். அரத்தைப் பிடித்து அழுத்த முடியாது, சாவியின் பல்லை விரலால் தடவிப் பார்க்கவும் முடியாது. வேறு வேலை தெரியாது. 1975ல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த தச்சருக்கு, தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் நூறு சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு, பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு. வாகன விபத்துக் கேஸ்களுக்கு இதையே 2010ல் ராஜ்குமார் வழக்கில் விரிவாக விளக்கினார்கள். என் கட்சிக்காரரைத் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் ஒரு அரத்தோடு உட்காரவைத்து, பிடித்துக் காட்டச் சொன்னேன். டாக்டர் சர்டிபிகேட்டில் எழுதியிருந்ததைவிட மிக அதிகமாக இழப்பு நிர்ணயமானது. முதலாளி ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும், அபராதமும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த பெரிய மில் தொழிலாளிக்கு இந்த வழி கிடையாது, அவர் இ.எஸ்.ஐ. வழியாகவே பெற வேண்டும்.

இனி எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்புக்காரரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஊருக்குக் கிழக்கே சிறிய பட்டறை வைத்திருந்தவர். பைக்கின் இன்சூரன்ஸ் முடிந்து சில வாரம் ஆகியிருந்தது, புதுப்பிக்கவில்லை. மகன் ஓட்டிப்போய் ஒரு பெரியவரை மோதிவிட்டான். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் ஓட்டியவரும் சொந்தக்காரரும் கட்ட வேண்டும். இத்தனைக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்குப் பைக்குக்கு ஒரு வருஷத்துக்கு ஆகிற செலவு பெரிய தொகையே இல்லை. லட்சக்கணக்கில் தீர்ப்பாகி, கலெக்டர் மூலமாக நிலவரி பாக்கிபோல வசூலிக்கும் நடவடிக்கை வந்தது. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்து அவர் தொழில் ஏற்கெனவே படுத்திருந்தது. வீட்டை ஒருவரிடம் அடமானம் வைத்திருந்தார். தண்டல் வேறு. “ஐயா, மஞ்ச நோட்டீஸ் குடுத்துரலாமா?” என்று கேட்கும்போது அவருக்குக் குரலே எழும்பவில்லை.

மஞ்சள் நோட்டீஸ் என்றால் நம்மூரில் மானம் போன மாதிரி. கல்யாணப் பேச்சில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள். சொத்தை மனைவி, மச்சான் பேரில் எழுதிவைத்துவிட்டு, நகைச்சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஐ.பி. போட்டவர்கள் செய்த வினை அது. அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. நொடிப்பு மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் கைம்மாறில்லாமல் எழுதிக்கொடுத்த சொத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டி மூன்று மாதத்துக்குள் கொடுத்ததையும் திரும்பக் கேட்கலாம். கணக்கை மறைத்தால் ஜெயில். நேர்மையாக உழைத்து நொடித்தவருக்கு இந்தச் சட்டம் ஒரு வாசல். அதில் நுழைவது அவமானம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது.

நமக்கு இன்றும் பொருந்துவது 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். 2016ல் புதிய நொடிப்புச் சட்டம் வந்ததே என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். தனிநபர் பற்றிய அதன் பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ‘புதிய தொடக்கம்’ என்று ஏழைக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது: வருஷ வருமானம் 60,000க்கும், தள்ளுபடி கேட்கும் கடன் 35,000க்கும் மிகாமல், சொந்த வீடு இல்லாதவர் நேராக விடுதலை கேட்கலாம். அந்த அத்தியாயம் இன்னும் தாளிலேயே கிடக்கிறது. தொகைகளை உயர்த்தி அதை உயிர்ப்பிக்க வேண்டும். குழுக் கடனில் நெரிபடும் ஆத்தூர், நிலக்கோட்டைப் பெண்களுக்கு இதைவிட அவசரமான சட்டம் இல்லை.

பழைய சட்டத்தின்படி, கடன் 500 ரூபாயைத் தொட்டாலே மனுப் போடலாம். தொகையே சொல்லும் அதன் வயதை. சார்பு நீதிமன்றத்தில் போடுகிறோம். எல்லாக் கடனையும், எல்லாச் சொத்தையும் எழுத வேண்டும். விட்டுப்போன ஒரு பாத்திரக்கடைப் பாக்கிகூட பின்னால் சந்தேகத்தைக் கிளப்பும். மனுப் போட்ட அன்றே கடன்காரர் வாய் அடைபடாது. கோர்ட் நொடித்தவராக அறிவித்த பிறகுதான், அதன் அனுமதியில்லாமல் புதுக் கேஸ் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சொத்து ரிசீவர் கைக்குப் போகும். ஆனால் சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தி செய்யக்கூடாது என்று சொல்பவை போகாது: உடுதுணி, சமையல் பாத்திரம், தாலி, விவசாயியின் ஏர் மாடு, கைவினைஞரின் கருவிகள். பட்டறைக்காரரின் பிடிவைஸும் அரமும் சுத்தியலும் அவரிடமே இருந்தன. அதை வைத்துக்கொண்டு கூலிக்குப் பூட்டுச் செய்து அவர் குடும்பம் சாப்பிட்டது.

நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமையும் அதே பட்டியலில் இருக்கிறது. ஜப்தி செய்ய முடியாததால் அது ரிசீவர் கைக்கும் போகாது. காலை இழந்தவர் கடனுக்காக ஐ.பி. போட்டாலும் அவருடைய எம்.சி.ஓ.பி. அவர் கையிலேயே நிற்கும். இரண்டையும் ஒரே வக்கீல் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த மனுவை எப்போது போடுவது என்ற வரிசையில்தான் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது.

ஐ.பி.யால் ஆகாததையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். அடமானம் வாங்கியவர் அடமானச் சொத்தை விற்றுக்கொள்ளலாம். செக் கேஸ் கிரிமினல் கேஸ், அது தன் வழியில் போகும். அரசுப் பாக்கியும் மோசடியால் வந்த கடனும் விடுதலைக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜாமீன் போட்ட தங்கை புருஷன் தப்ப முடியாது. விடுதலை பெறும் வரை, தன் நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். கோர்ட் கொடுத்த கெடுவுக்குள் விடுதலை கேட்டு மனுப் போட வேண்டும். அதை மறந்தால் அறிவிப்பே ரத்தாகிவிடும். ஐ.பி. ஆர்டரை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்தவர்கள் நிறைய. பட்டறைக்காரர் மறக்கவில்லை. மோதப்பட்ட பெரியவருக்கு மட்டும் ரிசீவர் பிரித்துக் கொடுத்த சொற்பப் பங்குக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பெரியவரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை விபத்துக்குப் பின் பிணைத்தொகை இல்லாமல் விடக்கூடாது, விற்றாவது தொகையைக் கோர்ட்டில் கட்ட வைக்க வேண்டும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்டேஷனில் வண்டி விடுவிக்கப்படும் முன்பே அதைக் கேட்டு நிற்பது பாதிக்கப்பட்டவர் வக்கீலின் கடமை.

பணமில்லாதவர் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கொடுக்க வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுப்பவரைத் தவிர மற்றவரைக் கடனுக்காக அடைக்க முடியாது என்று எழுதினார். பண டிக்ரிக்காகப் பெண்ணைக் கைதே செய்ய முடியாது. வாசலில் நின்று போலீஸ், ஜெயில் என்று மிரட்டுபவர்தான் 2003ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி மூன்று வருஷம் வரை உள்ளே போகக்கூடியவர்.

ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் கேஸில் இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் போனது. மதுரைக் கிளை 2004 ஜூலையில் வருவதற்கு முன்னால் என்றால் இதற்காக ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போய் வந்திருக்க வேண்டும். தொகை அதிகம் குறையாமல் நின்றது. பிள்ளைகள் பங்கு பதினெட்டு வயது வரை பேங்கில் டெபாசிட். மனைவி பங்கு அவர் கணக்குக்கே நேராக வந்தது. என் பீஸைத் தனியாக வாங்கிக்கொண்டேன். தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்பது எங்கள் தொழில் விதிப்படி தப்பு, கேட்பவர்களிடம் மக்கள் போகக் கூடாது.

தொகை வருவதற்கு முன்பே அந்த இரண்டு வட்டிக்காரர்களுக்கும் நோட்டீஸ் விட்டிருந்தேன். வாங்கிய அசல் எவ்வளவு, அதுவரை கட்டியது எவ்வளவு என்று தேதிவாரியாக எழுதி, வெற்றுத் தாள்களைத் திருப்பிக் கேட்டோம். இருவரும் நோட்டில் பெரிய தொகையை நிரப்பிக் கேஸ் போட்டார்கள். லோக் அதாலத்தில் உட்கார்ந்து பேசினோம். ஒருவர் அசலோடும் நியாயமான வட்டியோடும் ஒத்துக்கொண்டு, நோட்டும் செக்கும் கொடுத்தார். இன்னொருவர் தொகைக்குச் சம்மதித்துவிட்டு, இரண்டாவது செக்கு எங்கோ கைமறதியாகப் போய்விட்டது, பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு தருகிறேன் என்றார். செக்கு வராமல் கையெழுத்தில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் பைக்கில் ஒட்டன்சத்திரம் போய், மத்தியானத்துக்கு மேல் செக்கைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு அவார்டு எழுதினார்கள். லோக் அதாலத் அவார்டுக்கு அப்பீல் கிடையாது.